பெட்டியில் "கன்வெர்ட்டர்", உள்ளே வெறும் பின்: வெளிநாட்டுக்கு ஹேர் டிரையர் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க

அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பெண் ஒருவரிடம், "இதைப் போட்டா எந்த நாட்டுலயும் ஓடும்" என்று 1,450 ரூபாய்க்கு ஒரு யுனிவர்சல் கன்வெர்ட்டரைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். அங்கே போய் மாட்டினால் 1200 வாட் டிரையர் முனகிக்கொண்டு வெதுவெதுப்பாகக் காற்று விட்டது. ஸ்ட்ரெயிட்னரில் சூடே ஏறவில்லை. வீட்டில் உள்ளவர்கள் கடைக்குப் போய்க் கேட்டதற்கு, பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று பதில். பெட்டியின் முகப்பில் "கன்வெர்ட்டர்" என்று கொட்டை எழுத்து. பொருளைத் திருப்பினால் கறுப்பு பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே "வோல்டேஜை மாற்றாது" என்று பொறித்திருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்கவே முடியும். இது ஏமாற்று வேலை.

நம் ஊரில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. கடையில் கொடுத்தது வெறும் அடாப்டர்; அது மாற்றுவது பின்னின் வடிவத்தை மட்டும்தான், வோல்ட்டை அல்ல. டிரையருக்குள் சூடாகும் காயிலில் வோல்ட் பாதியானால் சூடு கால்வாசியாகிவிடும். அதனால் அந்த 1200 வாட் டிரையர் அமெரிக்காவில் சுமார் 325 வாட்தான் தரும். திரும்பி வரும்போது நடப்பது இதைவிட ஆபத்து. அங்கே வாங்கிய 1875 வாட் டிரையரை இங்கே அடாப்டர் போட்டுச் செருகினால் 6,000 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். நல்ல வேளையாக எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே நிறுத்தும் சுவிட்ச்) விழுந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் கைக்குள்ளேயே காயில் கருகும்.

"2000 வாட் கன்வெர்ட்டர்" என்று கையடக்கமாக வருவதையும் நம்பாதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் டிரையாக் என்ற சின்ன மின்னணு சுவிட்ச். மின்சார அலையில் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை அனுப்பும். 230-ஐக் குறைக்கலாம், 120-ஐ ஒருநாளும் உயர்த்தாது. டிஜிட்டல் டெம்பரேச்சர் உள்ள ஸ்ட்ரெயிட்னரை அதில் மாட்டினால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விடலாம். 1200 வாட்டுக்கு வோல்ட்டை உண்மையாகவே உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் பல கிலோ இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே பொய் தெரிந்துவிடும்.

டிரையரின் கைப்பிடியிலோ வயரின் அடியிலோ உள்ள லேபிளைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் பின் அடாப்டர் போதும். 220 முதல் 240 என்று மட்டும் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு, போகிற ஊரில் ஒன்று வாங்குங்கள்; டிரான்ஸ்ஃபார்மர் சுமப்பதைவிட அதுவே மேல். அடாப்டரில் வாட்டைப் பார்க்காமல் ஆம்பியரைப் பாருங்கள். "2300 வாட்" என்பது 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் கணக்கு. அமெரிக்காவில் அதே அடாப்டர் 1200 வாட்தான் தாங்கும். அங்கே 1200 வாட் இழுக்கும் டிரையரை 6 ஆம்பியர் அடாப்டரில் மாட்டினால் அடாப்டர் இளகிவிடும்.

சில டிரையர்களில் நாணயத்தால் திருப்பும் 125/250 சுவிட்ச் இருக்கும். ஊர் திரும்பியதும் பிளக்கைச் செருகும் முன் அதை 250-க்கு மாற்றுங்கள். நிறைய டிரையர்கள் இந்த மறதியில்தான் எரிகின்றன. இங்கிலாந்தில் குளியலறைச் சுவரில் இருக்கும் ஷேவர் பாயின்ட்டும் டிரையருக்கு ஆகாது.

கன்வெர்ட்டர் வாங்கியே ஆக வேண்டுமென்றால், உள்ளே எத்தனை வோல்ட், வெளியே எத்தனை வோல்ட், எத்தனை வாட் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில், பெட்டி, பொருளின் பின்பக்கம் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள்.