பட்டறையில் கிடந்த நாள்கள்: என் தேசிய காரும் ஜப்பான் காரும்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டு முகப்பில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று, 2009 அக்டோபரில் புதிதாக வாங்கிய 1.3 லிட்டர் தேசிய கார், அதாவது மலேசிய நிறுவனத்தின் கார். மற்றொன்று 2010 இல் ஜப்பானில் தயாராகி, அங்கே நான்கு ஆண்டுகள் ஓடி, 2014 இல் கப்பலேறி எங்களிடம் வந்த 2 லிட்டர் ஏழு இருக்கை வண்டி. நம் ஊர்ப் பேச்சில் ‘ரீகோன்’. இரண்டின் நிறுவனப் பெயர்களையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு பழுதைவிட்டுப் பெயருக்குத் தாவிவிடும்.

கணக்கர் வேலை பார்த்தவனுக்கு உள்ள வியாதி எனக்கும் உண்டு. வழக்கமான சர்வீஸ் தவிர, எதிர்பாராமல் வந்த ஒவ்வொரு பழுதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன்: தேதி, கிலோமீட்டர், செலவு, வண்டி பட்டறையில் கிடந்த நாள்கள். என் மனைவி அதைப் ‘பஞ்சாங்கம்’ என்பார்.

பஞ்சாங்கத்தின்படி தேசிய கார் இதுவரை 268,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 23 பழுதுகள், 11,400 வெள்ளி (ரிங்கிட்) செலவு, பட்டறையில் 31 நாள். ஜப்பான் கார் எங்களிடம் வந்த பிறகு 183,000 கிலோமீட்டர். 9 பழுதுகள், 19,800 வெள்ளி, 74 நாள். என் மைத்துனர் இதைப் பார்த்தவுடன், “மச்சான், ஒன்பதா பெரிது, இருபத்து மூன்றா? இதற்குமேல் என்ன பேச்சு?” என்பார். என் கண் எப்போதும் கடைசி எண்ணில்தான் நிற்கும்.

தேசிய காரின் பழுதுகள் பெரும்பாலும் சில்லறை. முதல் 100,000 கிலோமீட்டருக்குள், சாலைக் குலுக்கலைத் தாங்கும் அப்சார்பர்கள் இரண்டு முறை மாறின. என்ஜின் மவுண்டிங் தேய்ந்து, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. கதவுப் பூட்டு மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. ஒரு மழை நாளில் டோல் சாவடியில் கண்ணாடி இறங்க மறுத்தது. கதவைத் திறந்து, குடை விரித்து, காசு கொடுத்தேன். பின்னால் நின்றவர்களின் ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

பெரிய பழுது ஒன்றே ஒன்று. 2016 தீபாவளிக்குச் சுங்கைப்பட்டாணிக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி வெடித்திருந்தது. நெரிசலில் நின்று நின்று ஏறியதில் நான் முள்ளைப் பார்க்கத் தவறியதும் சேர்ந்து, என்ஜின் தலைப்பகுதியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போய்விட்டது. இழுவை லாரி கோலகங்சாரில் ஒரு சீனரின் பட்டறையில் இறக்கிவிட்டது. பண்டிகைக்கு முதல் நாள், தெரியாத ஊர். ஆனால் ரேடியேட்டரும் கேஸ்கெட்டும் அவர் அலமாரியிலேயே இருந்தன, அதுவும் மூன்று விலையில்: ஒரிஜினல், உள்ளூர்த் தயாரிப்பு, தைவான் சாமான். ஆறு நாள் ஆனதற்குக் காரணம் சிலிண்டர் ஹெட்டைச் சமன் செய்யும் லேத் கடை விடுமுறையில் இருந்ததுதான்.

ஜப்பான் காரின் கதை வேறு. உட்கார்ந்ததும் மனம் அதற்கு அடிமையாகிவிடும். கதவு சாத்தும் சத்தமே தனி. 110 இல் போனாலும் பின்னிருக்கையில் பிள்ளைகள் தூங்குவார்கள். அப்சார்பர்கள் பத்து ஆண்டுகள் மாற்றாமல் ஓடின. காலையில் சாவியைத் திருப்பியதும் ஒரு ஜப்பானியப் பெண் குரல் பணிவாக ஏதோ சொல்லும். நலம் விசாரிக்கிறாள் என்றே இரண்டு ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஜப்பானின் டோல் அட்டை செருகப்படவில்லை என்ற எச்சரிக்கையாம். வானொலியும் அந்த நாட்டுக்கே உரியது: 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் தமிழ் வானொலிகளான மின்னலும் ராகாவும் 90க்கு மேலே. அலைவரிசையைக் கீழிறக்கும் ஒரு சிறு பெட்டியைப் பொருத்திய பிறகுதான் வண்டி தமிழ் பேசியது.

வாங்கியபோது மீட்டரில் 48,000 இருந்தது. ஜப்பான் ஏலக்கூடம் ஒவ்வொரு காருக்கும் தரப்புள்ளியும் ஓடிய தூரமும் எழுதித் தரும் தாள் உண்டே, அதைக் காட்டுங்கள் என்றேன். விற்றவர் “பிறகு தருகிறேன்” என்றார். அந்தப் ‘பிறகு’ இன்னும் வரவில்லை. அந்நாட்டில் புதுக் காருக்கு மூன்று ஆண்டுகள் கழித்தும், அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை. அதன் செலவைத் தவிர்க்க நல்ல நிலையில் உள்ள கார்களையும் விற்றுவிடுவார்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்டவை இறக்குமதி அனுமதிச் சீட்டோடு இங்கே வந்து சேர்கின்றன. ஆக, நல்ல கார் கிடைக்க வாய்ப்பு உண்டு. என் கார் உண்மையில் எவ்வளவு ஓடியது என்பது மட்டும் கடவுளுக்கே வெளிச்சம்.

2018 இல் கியர் பெட்டி மக்கர் செய்தது. வேகம் குறையும்போது யாரோ பின்னாலிருந்து இடித்தது போல உதறும். தனித்தனி கியர்கள் இல்லாமல் தொடர்ச்சியாக விகிதம் மாறும் சிவிடி வகைப் பெட்டி. அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வச் சேவை மையத்துக்கு முதலில் போனேன். இங்கே அவர்கள் விற்ற கார் இல்லை என்பதால் சேஸிஸ் எண் (வண்டியின் அடையாள எண்) தங்கள் பதிவில் இல்லை, சாமான் வரவழைக்க முடியாது என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஃபோர்மேன் தம்பி, “அண்ணே, புதுசுக்கு அலைய வேண்டாம், ஹாஃப் கட் கடையில் பார்த்துவிடலாம்” என்றார். ஜப்பானில் ஓய்வு பெற்ற கார்களைக் குறுக்கே வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றி வந்து விற்கும் கடைகள் அவை. கிள்ளான் வட்டாரத்தில் அவற்றுக்குக் குறைவில்லை.

பெட்டி நான்கே நாளில் கிடைத்தது. கழற்றி மாட்டப் போனபோதுதான் அது அதே மாடலின் நான்கு சக்கர இயக்க வகைக்கு உரியது என்று தெரிந்தது. பனி பெய்யும் நாட்டில் அந்த வகை நிறைய விற்கிறது. இங்கே அதை வைத்து என்ன செய்வது? மறுபடி தேடல். சரியான பெட்டி அடுத்த கண்டெய்னரில் வந்து, 6,200 வெள்ளி கைமாறி, வண்டி வீடு திரும்ப 41 நாள் ஆயிற்று. அத்தனை நாளும் குடும்பம் முழுவதும் அந்த 1.3 லிட்டரில்தான் நெருக்கியடித்துப் போய் வந்தது. அது முனகவில்லை.

2021 டிசம்பர் 18 அன்று ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா பக்கம் வீடுகளின் கூரைவரை நீர் ஏறியபோது எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு வந்தது. இரண்டு கார்களின் தரைவிரிப்பும் நனைந்தன. வெள்ளத்துக்கான கூடுதல் காப்பீட்டை இரண்டுக்குமே எடுக்காத புத்திசாலி நான். தேசிய காரைப் பிரித்துக் காயவைத்து, ஒரு சென்சாரை மாற்றி, நான்காம் நாள் ஓட்டினோம். ஜப்பான் காரில் இருக்கைக்கு அடியில் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று நீர் குடித்துவிட்டது. மாற்றுப் பெட்டி கிடைக்கப் 17 நாள்.

மைத்துனருக்கு நியாயம் செய்ய வேண்டும். இந்த இரண்டு நிகழ்வுகளையும் கழித்தால், ஜப்பான் காரின் மீதி 7 பழுதுகளுக்கு 16 நாள்தான். தேசிய காருக்கும் மெனோராவையும் வெள்ளத்தையும் கழித்தால் 21 பழுதுகளுக்கு 21 நாள். தவிர, தேசிய கார் பள்ளிக்கும் சந்தைக்குமாக நெரிசலில் உழன்றது. ஜப்பான் கார் பெரும்பாலும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சீராக ஓடியது. யார் கஷ்டப்பட்டார்கள் என்பதைக் கிலோமீட்டர் சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. உள்நாடு, வெளிநாடு என்று நாம் பிரிப்பதே பாதிப் பொய். 1985 ஜூலையில் வந்த முதல் புரோட்டோன் சாகாவே மிட்சுபிஷி லான்சரின் அடித்தளத்தில் உருவானது. 2005 இல் வந்த பெரோடுவா மைவி, டைஹட்சு பூனுக்கும் டொயோட்டா பாஸோவுக்கும் உடன்பிறப்பு. ‘வெளிநாட்டுக் கார்’ என்று நாம் பெருமையோடு வாங்கும் ஹோண்டா கார்கள் பல மலாக்காவின் பெகோவில் பொருத்தப்பட்டவை. புரோட்டோன் எக்ஸ்70 இன்னும் வேடிக்கை: 2018 டிசம்பரில் அறிமுகமானபோது சீனாவிலிருந்து முழுக் காராக இறங்கியது; 2020 இல் தஞ்சோங் மாலிம் ஆலையில் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தது. ஒரே கார், ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் குடியுரிமை மாறிவிட்டது. அதனால் எந்த நாட்டுக் கார் என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். இந்த ஊர்ச் சாலையில் அதே கார் எத்தனை ஓடுகிறது என்பதைத்தான் பார்க்கிறேன். நிறைய ஓடினால் கோலகங்சார் அலமாரியிலும் அதன் ரேடியேட்டர் இருக்கும்.

ஜப்பான் காரை விற்க மனமில்லை. நீண்ட பயணத்துக்கு அதைப் போல வசதி கிடையாது. ஆனால் அவசரத்துக்கு, முக்கியமாக மருத்துவமனைக்கோ விமான நிலையத்துக்கோ போக வேண்டுமென்றால், மனைவியின் கை தானாகத் தேசிய கார்ச் சாவிக்குத்தான் போகிறது.

சென்ற மாதம் மைத்துனர் தனக்கும் ஒரு ரீகோன் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். விலை பேசும் முன் சேஸிஸ் எண்ணை மட்டும் வாங்கிவரச் சொல்லி, உதிரி சாமான் கடைக்கு அழைத்துப் போனேன். மூன்றே பொருளின் விலை கேட்டோம்: ரேடியேட்டர், முன் அப்சார்பர், கியர் பெட்டியில் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடி. முதல் இரண்டையும் கடை முதலாளியான தவுக்கே எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்றாவதற்குக் கணினியில் நெடுநேரம் தேடிவிட்டு, “ஆர்டர் போட வேண்டும்” என்றார். எத்தனை நாள் ஆகும் என்று மைத்துனர் கேட்டார். தவுக்கே நாள்காட்டியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.