கையால வரைஞ்சதுன்னு சொல்லி பிரிண்ட் போட்டு அனுப்பிட்டாங்க, பென்சில் போர்ட்ரெய்ட் ஆர்டர் பண்றவங்க கொஞ்சம் பாருங்க

அப்பா தவறி போன மாசத்தோட ஒரு வருஷம் ஆச்சு. அவருக்கு போட்டோ எடுத்துக்கறதே புடிக்காது, தெளிவா இருந்தது பேங்க் பாஸ்புக்ல ஒட்டின பாஸ்போர்ட் சைஸ் ஒண்ணுதான், அதுலயும் தோள்பட்டை மேல பேங்க் சீல் பாதி வட்டமா விழுந்திருக்கும். அதை வச்சு யாராவது பென்சில்ல வரைஞ்சு குடுத்தா நினைவு நாளுக்கு மாட்டலாம்னு அம்மா ஆசைப்பட்டாங்க. இன்ஸ்டாகிராம்ல ஒரு பேஜ் பாத்து கேட்டேன். ஏ3 சைஸ், முழுக்க கையால, 4,500 ரூபா, 15 நாள்னாங்க. சீல் இருக்கேன்னு கேட்டதுக்கு அதை விட்டுட்டு சட்டைய நாங்களே வரைஞ்சிடுவோம்னு சொன்னதால நம்பி மொத்தமும் ஜிபே பண்ணிட்டேன்.

வந்ததை பிரிச்சதுமே அம்மா கேட்டது, "தோள்ல என்னடி இது வட்டமா?" சீல் அப்படியே இருக்கு, பென்சில் கோடா! வரையுற மனுஷன் யாராவது சீலை உக்காந்து வரைவாங்களா?

அப்புறம் அண்ணன் பையன் அதே போட்டோவ ஜிம்ப்ல போட்டு காட்டினான், அது போட்டோ எடிட் பண்ற ப்ரீ சாஃப்ட்வேர்தான். கருப்பு வெள்ளையாக்கி, அதுக்கு மேலயே இன்னொரு அடுக்கா ஒரு காப்பி லேயர் எடுத்து, காப்பிய இன்வர்ட் பண்ணி நெகட்டிவ் மாதிரி ஆக்கி, ரெண்டு லேயரும் கலக்குற விதத்தை, அதான் மோடை, டாட்ஜ்னு மாத்தினா திரை முழுக்க வெள்ளையாயிடுது, அப்புறம் அந்த லேயருக்கு காஸியன் பிளர் குடுத்து மங்கலாக்க மங்கலாக்க முகம் கோடு கோடா வெளிய வருது. போட்டோஷாப்லயும் இதேதான், அங்க கலர் டாட்ஜ்னு இருக்கும். ரெண்டு நிமிஷம் கூட ஆகல, எங்களுக்கு வந்த படமேதான். வெளிச்சம் சட்டுனு மாறுற எடத்துல எல்லாம் சாஃப்ட்வேர் கோடு போட்டுடும், அதுக்கு அப்பாவோட புருவமும் ஒண்ணுதான் சீலும் ஒண்ணுதான்.

நெஜ பென்சில்னா ஓரத்துல விரலால தேச்சா லேசா ஈஷும், ரப்பர் வச்சா அழியும், கருப்பா இருக்கற எடத்தை சாய்ச்சு பாத்தா பளபளக்கும். எங்களுதுல எதுவுமே இல்ல, போன் கேமராவ கிட்ட கொண்டுபோய் பாத்தா பொடிப் பொடியா இங்க் புள்ளி தெரியுது. அவங்ககிட்ட கேட்டா "டிஜிட்டல் ஸ்கெட்ச்சும் ஆர்ட்தான் மேடம்"னு ஒரு மெசேஜ், அதோட பிளாக். டிஜிட்டல்னு சொல்லி வித்திருந்தா அதுக்கான வெலைய குடுத்து வாங்கியிருப்பேன், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல, ஆனா அப்பா முகத்தை ஒருத்தர் 15 நாள் உக்காந்து வரையுறாருன்னு அம்மா தெனமும் கேட்டுட்டே இருந்தாங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல.

ஜிபே ஸ்கிரீன்ஷாட், சாட் எல்லாம் வச்சு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கேன். நீங்க ஆர்டர் பண்றதா இருந்தா மொத்த பணமும் முன்னாடியே போடாதீங்க, பாதி வரைஞ்சப்போ கையும் பென்சிலும் தெரியுற மாதிரி வீடியோ கேளுங்க, முடிஞ்சப்புறம் எடுத்தது வேணாம்.

படத்தை சுருட்டி பரண்ல போட்டாச்சு, நினைவு நாளுக்கு பாஸ்புக் போட்டோவயே பெருசு பண்ணி மாட்டினோம். மதுரை பக்கம் நெஜமாவே கையால வரையுறவங்க தெரிஞ்சா சொல்லுங்க, அம்மாவ கூட்டிட்டு நேர்லயே வரேன்.