வெள்ளத்தில் சிக்கிய கியர்பாக்ஸும் வேளச்சேரிப் பணிமனையும்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் ஓட்டிவந்த எங்கள் ஆட்டோமேட்டிக் கார், முன்னே செல்வதற்கான 'டி' (டிரைவ்) நிலையில் போட்டதும் தயங்கி, பிறகு உதறலுடன் நகரத் தொடங்கியதால், வேளச்சேரியில் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பணிமனையில் விட்டோம். வேறோர் இடத்தில் பார்த்தவுடனேயே கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார்கள். இங்கே மெக்கானிக் ஸ்கேனரில் பிழைக் குறியீடுகளைப் பார்த்த பிறகு, கொஞ்சம் கியர்பாக்ஸ் ஆயிலைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது ரோஸ்மில்க் போல வெளுத்து நுரைத்திருந்தது. சூடான கியர்பாக்ஸ் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளழுத்தம் குறைந்து, காற்றுப்போக்கித் துளை வழியே நீரை இழுத்துக்கொள்ளும் என்றும், அந்த நீர் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சையே பெயர்த்துவிடக்கூடும் என்றும் பொறுமையாக விளக்கினார். ஃபில்டரை மாற்றி, கலங்கல் தீரும்வரை புது ஆயில் ஊற்றி வடித்ததில் தயக்கம் நின்றது. செலவு மதிப்பீட்டை மட்டும் நாமே கேட்டுத்தான் எழுதி வாங்க வேண்டும்.