லாவோஸில் "கைநெசவுப் பட்டு" வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

லாவோஸின் லுவாங் பிரபாங் நகரத்துக்குப் போகத் திட்டமிட்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள், போகிறவர்களுக்கும் அனுப்புங்கள். நகரத்துக்குச் சற்று வெளியே ஒரு கடையில், கைநெசவுப் பட்டு, அரக்குச் சாயம் (அரக்குப் பூச்சியிலிருந்து எடுக்கும் இயற்கைச் சிவப்பு) என்று சொல்லி 18 லட்சம் கிப்புக்கு (கிப் என்பது லாவோஸ் பணம்) எனக்கு ஒரு துணியை விற்றார்கள். அது பட்டும் இல்லை, கையால் நெய்ததும் இல்லை. சாயமும் ரசாயனம்.

நெய்கிறவர்களிடமே நேராக வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் ஊருக்கு வெளியே போனேன். நெசவுக்குப் பேர்போன ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லித்தான் டுக்டுக்கில் ஏறினேன். ஓட்டுநர் கிராமத்துக்குள் போகவில்லை. சாலையோரம் ஒரு பெரிய கடை முன் நிறுத்தி, "இதுதான் ஊர்க்காரர்களின் கடை, எல்லாரும் இங்கேதான் கொண்டுவந்து தருவார்கள்" என்றார்.

வாசலில் ஒரு தறி. அதில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த அக்காவின் வேலை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லாவோ தறியில் பாவுக்கு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகளுக்கு, மேலும் கீழும் நீளமான நூல் விழுதுகள் திரைபோலத் தொங்கும். வடிவத்தின் ஒவ்வொரு வரியும் அந்தத் திரையில் குறுக்கே செருகிய ஒரு நூலாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த அக்கா ஒரு குறுக்கு நூலைப் பிடித்து, அது பிரித்துக் காட்டும் பாவு இழைகளைத் தூக்கி, நடுவே ஒரு தட்டையான பலகையைச் செருகி நிமிர்த்தி, வண்ண இழைகளை விரலாலேயே ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியாகக் கோத்தார். நான் நின்று பார்த்த நேரத்தில் விரல் அகலத்துக்குக்கூடத் துணி ஏறவில்லை. அத்தனை பொறுமையான வேலை.

உள்ளே அலமாரியில் இருந்தது வேறு சரக்கு. நாக வடிவம் போட்ட ஒரு சிவப்புத் துணியை விரித்து, "வெளியே இருக்கிறாரே, அவர் நெய்தது. வடிவம் ஹுவாபன் மாகாணத்துடையது" என்றார் கடைக்காரர். சுவரில் யுனெஸ்கோ சின்னத்தோடு ஒரு தாள் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, "யுனெஸ்கோ சான்று பெற்ற பட்டு" என்றும் சொன்னார். இது பச்சைப் பொய். லாவோ மக்களின் நாக வடிவ நெசவை 2023-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது உண்மைதான். ஆனால் அந்தப் பெருமை அந்தக் கலைக்கும் அதைக் காப்பாற்றி வருகிறவர்களுக்கும் உரியது. அந்தப் பட்டியலில் சேர்த்தது எந்தக் கடைக்கும் எந்தத் துணிக்கும் தந்த சான்று ஆகாது. அந்தத் தாளைக் காட்டி விற்கிறவர்களிடம் எதையுமே வாங்காதீர்கள்.

விடுதியில் துணி மேல் தேநீர் சிந்தியது. குளிர்ந்த நீரில் ஒரு முனையை அலசினேன். தொட்டித் தண்ணீர் முழுக்க ரோஜா நிறமாகிவிட்டது, துடைத்த வெள்ளைத் துண்டும் போயிற்று. படிகாரம் போட்டு ஒழுங்காக ஏற்றிய அரக்குச் சிவப்பு இப்படிக் கரைந்து ஓடாது. அப்புறம் குஞ்சத்தில் ஓர் இழையைப் பிடுங்கிக் கொளுத்திப் பார்த்தேன். பட்டு என்றால் முடி கருகும் வாடை வர வேண்டும், சாம்பல் விரலில் பொடிய வேண்டும். இது பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகி, கறுப்பு மணியாக இறுகிவிட்டது.

மறுநாள் திரும்பப் போனேன். "இயற்கைச் சாயம் முதல் அலசலில் போகத்தான் செய்யும்" என்றார்கள். உருகிய இழையைக் காட்டியதும், முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். ரசீது கேட்டார்கள். வாங்கும்போது நான் கேட்டும் தராதவர்கள் அவர்கள்தான். பணம் வரவில்லை. ஆள் கொண்டுவந்து விடும் ஓட்டுநர்களுக்கு அந்தக் கடையில் கமிஷன் உண்டு என்று விடுதியில் சொன்னார்கள்.

அங்கிருந்து நடந்தே கிராமத்துக்குள் போனேன். வீட்டுக்கடியில் தறி போட்டிருந்த ஓர் அம்மாவிடம் துணியைக் காட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை விரலால் தடவி, "மெஷின்" என்றார். பிறகு தன் துணி ஒன்றின் பின்பக்கத்தைக் காட்டினார். கையால் கோத்த துணியில் வண்ண இழை அந்தந்தப் பூவின் எல்லையிலேயே மடங்கித் திரும்புகிறது, இடையிடையே சின்னத் தாவல்கள், முடிச்சுகள். என் துணியிலோ ஒவ்வொரு பூவைச் சுற்றிலும் ஒரே அளவில் வெட்டிவிட்ட இழைப் பிசிறு. கையால் கோத்து ஒரு துண்டு முடிக்க வாரக்கணக்கில் ஆகும் என்று அவர் மகள் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். வருகிறவர்கள் "சாலையோரக் கடையில் இதைவிடக் குறைவு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்களாம். எனக்குப் போன பணத்தைவிட இதுதான் ஆத்திரமாக இருக்கிறது. அவர்கள் நெய்வதைக் காட்டி, அவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, அவர்கள் பிழைப்பையே கெடுக்கிறார்கள்.

இதனால் லாவோஸில் எதையும் வாங்காமல் வந்துவிடாதீர்கள். அது அந்த நெசவாளர்களுக்கு இன்னும் பெரிய அநியாயம். லுவாங் பிரபாங்கிலேயே பாரம்பரியக் கலைகள் மற்றும் இனவியல் மையம் என்ற சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, 2006-ல் நிறுவியது. முதலில் அதைப் பாருங்கள். மோங், கமு, அகா, தாய் லூ ஆகிய இனங்களில் எந்த மக்கள் எதை எப்படிச் செய்கிறார்கள் என்பது அங்கேயே புரிந்துவிடும், கண்ணும் பழகும். அவர்கள் கடையில் பொருள் யாரிடமிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். மேகோங் கரையில் ஓக் பொப் டோக் என்ற நெசவு நிறுவனத்தின் கைவினை மையத்தில் அவுரியும் அரக்கும் காய்ச்சிச் சாயம் ஏற்றுவதைப் பார்க்கலாம், ஒரு நாள் வகுப்பிலும் சேரலாம். நாம்கான் என்ற ஆற்றுக்கு அக்கரையில் பான் சாங் கொங் கிராமம். நெசவோடு, சா என்ற மரத்தின் பட்டையிலிருந்து காகிதம் செய்து வெயிலில் காய வைப்பார்கள். ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு போகாமல் சைக்கிளில் போங்கள், நல்ல தூரம்தான் என்றாலும் சிரமமில்லை.

இரவுச் சந்தையில் எல்லாமே போலி இல்லை. தன் மடியில் வைத்துத் தைத்துக்கொண்டே விற்கும் மோங் பெண்கள் அங்கே உண்டு. ஆனால் ஒரே பை, ஒரே நிறம், பத்துக் கடையிலும் தொங்கினால் அது தொழிற்சாலைச் சரக்கு.

எங்கே வாங்கினாலும் துணியைத் திருப்பிப் பாருங்கள். யார் நெய்தது, எவ்வளவு நாள் ஆனது, நிறம் எதிலிருந்து வந்தது என்று கேளுங்கள். நெய்தவர் என்றால் தறியைக் காட்டியே பதில் சொல்வார். குஞ்சத்திலிருந்து ஓர் இழை கேளுங்கள், நிஜப் பட்டு விற்கிறவர் மறுக்க மாட்டார். பட்டு, கைநெசவு, இயற்கைச் சாயம் மூன்றையும் எழுதி ரசீது வாங்கிய பிறகே பணத்தை எடுங்கள்.