'ஜேபிஜி மட்டும்தானே வாங்குகிறோம்' என்றது பராமரிப்பு நிறுவனம்

வருடப் பராமரிப்புக்குப் பணம் கட்டியாயிற்று, அப்டேட் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

நாங்கள் நடத்துவது பறவைப் படங்களுக்கான ஒரு சிறிய தளம். உறுப்பினர் யாரும் படம் ஏற்றலாம். ஏற்றியதும் சர்வரில் உள்ள பைத்தான் நிரல் அதைத் திறந்து தம்ப்நெயில் (சிறு முன்னோட்டப் படம்) தயாரிக்கும். அதாவது, முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பை எங்கள் சர்வர் கேள்வி கேட்காமல் பிரித்துப் படிக்கிறது.

2023 செப்டம்பரில், வெப்பி (ஜேபிஜி போல இன்னொரு பட வடிவம்) படங்களைப் படிக்கும் லிப்வெப்பி நூலகத்தில் (பல மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியே வந்தது. சுருக்கிய படத்தை விரிக்க ஹஃப்மன் அட்டவணை என்று ஒன்றைக் கட்ட வேண்டும். அதற்கு எவ்வளவு இடம் தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒதுக்கியிருந்தார்கள். முறையான படங்களுக்கு அந்தக் கணக்கு சரி. வேண்டுமென்றே கோணலாகச் செய்த படம் வந்தால், அது கோணல் என்று கண்டுபிடிப்பதற்குள் அட்டவணை தன் இடத்தைத் தாண்டிப் பக்கத்து நினைவகத்தில் எழுதிவிடும். அப்படி எழுத முடிந்தால் சர்வரில் தன் நிரலையே ஓட்டும் வழி ஒருவருக்குத் திறக்கிறது. 1.3.2 பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள்.

அந்த வாரமே பராமரிப்பு நிறுவனத்துக்கு டிக்கெட் (புகார்) போட்டேன். 'அது குரோம் பிரச்சினை, நம் சர்வரில் குரோம் இல்லை' என்று பதில் வந்தது. அவர்களை முழுதாகக் குற்றம் சொல்ல முடியாது. முதல் அறிவிப்பு குரோமின் பெயரில்தான் வந்தது. ஆனால் குரோமும் எங்கள் சர்வரும் பயன்படுத்தும் நூலகம் ஒன்றுதான். ஃபயர்பாக்ஸும் அடுத்த நாளே திருத்தம் வெளியிட்டதே என்று கேட்டேன். அப்புறம் வந்த பதில்தான் தலைப்பில் இருப்பது: நாம் ஜேபிஜி மட்டும்தானே வாங்குகிறோம்!

'ஜேபிஜி மட்டும்' என்று அவர்கள் சொன்னதற்குப் பொருள், கோப்பின் பெயர் '.ஜேபிஜி' என்று முடிகிறதா என்று மட்டும் பார்ப்பது. என்னிடம் இருந்த சாதாரண வெப்பி படம் ஒன்றின் பெயரை மாற்றி ஏற்றினேன். தம்ப்நெயில் அழகாக வந்து நின்றது. படம் திறக்கும் பில்லோ நூலகம் பெயரைப் பார்ப்பதே இல்லை, கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்து இது வெப்பி என்று தானே தெரிந்துகொண்டு உரிய டிகோடரிடம் (அந்த வடிவத்தை விரிக்கும் நிரல்) கொடுத்துவிடும். (ஜேபிஜியும் சாது இல்லை. 2004-ல் விண்டோஸின் ஜேபிஜி டிகோடர், குறிப்புப் பகுதியின் நீளம் 0 அல்லது 1 என்று இருந்தால் அதிலிருந்து 2-ஐக் கழித்து, எதிர்மறை எண்ணுக்கு இடமில்லாததால் கிடைத்த பூதாகரமான எண்ணை நம்பிக் கவிழ்ந்தது.)

இதைப் படம் பிடித்து அனுப்பிய பிறகு ஓர் ஸ்கிரீன்ஷாட் வந்தது: இயங்குதளத்தின் லிப்வெப்பி புதுப்பிக்கப்பட்டுவிட்டது. சரி என்று டிக்கெட்டை நானே மூடினேன். என் பங்குக்கு நான் செய்த முட்டாள்தனம் அது.

ஆறு மாதம் கழித்து வேறொரு வேலைக்காக சர்வருக்குள் போனபோதுதான் தெரிந்தது. பைத்தானில் பில்லோவை நிறுவினால் அது தனக்கென ஒரு லிப்வெப்பியைக் கூடவே கொண்டுவந்து 'பில்லோ.லிப்ஸ்' என்ற அடைவில் வைத்துக்கொள்ளும். இயங்குதளத்தின் பிரதியை எத்தனை முறை புதுப்பித்தாலும் இது அசையாது. எங்களிடம் இருந்தது பில்லோ 9.5.0. திருத்தம் வந்தது 10.0.1-ல். பதிப்பை 9.5.0-லேயே கட்டிவைத்த வரிக்குப் பக்கத்தில் யாரோ குறிப்பும் எழுதியிருந்தார்கள்: 'மாற்ற வேண்டாம், தம்ப்நெயில் உடையும்'.

ஏன் உடையும் என்று பார்த்தேன். 10.0.0-ல், படத்தைச் சிறிதாக்கும் ஒரு முறைக்கு இருந்த 'ஆன்டிஅலியாஸ்' என்ற பழைய பெயரை நீக்கிவிட்டார்கள், அந்த இடத்தில் 'லான்சோஸ்' என்று எழுத வேண்டும். எங்கள் நிரலில் மொத்தம் மூன்று வரிகள்.

இதைவிட எரிச்சல் தந்தது லாக், அதாவது சர்வரின் பதிவேடு. படம் பழுதாக இருந்தால் பில்லோ பிழை சொல்லும், நிரல் சாகாது. எங்கள் லாகிலோ ஒரே வாரத்தில் 14 முறை 'செக்மென்டேஷன் ஃபால்ட்'. அதாவது, உள்ளே இருக்கும் சி மொழி நூலகம் தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. இதற்கு அவர்கள் செய்த பராமரிப்பு, செத்தால் உடனே தானாக எழுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று. லாகையும் 7 நாளுக்கு மேல் வைக்காமல் அழித்துவிட்டார்கள். அதற்கு முன் என்ன நடந்தது என்று பார்க்க எதுவுமே மிஞ்சவில்லை. சர்வரைத் துடைத்து, கடவுச்சொற்களையெல்லாம் மாற்றி, புதிதாகக் கட்டினோம்.

இப்போது படம் திறக்கும் வேலை இணையத் தொடர்பு இல்லாத தனிப் பயனர் கணக்கில் ஓடுகிறது. திறக்கும்போதே ஜேபிஜி, பிஎன்ஜி டிகோடர்கள் மட்டும் போதும் என்று பில்லோவிடம் சொல்லிவிடலாம், 8.0 பதிப்பிலிருந்தே அந்த வசதி உண்டு. உங்கள் தளத்தைப் பார்ப்பவரிடம் இயங்குதளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். நிரலோடு ஒட்டி வந்த நூலகங்களின் பட்டியலைப் பதிப்பு எண்ணோடு கேளுங்கள். பெயர் மாற்றிய வெப்பி சோதனையை நீங்களே செய்து பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அந்த மூன்று வரிகளுக்கு 'பதிப்பு இடம்பெயர்ப்புப் பணி' என்று தனிக் கட்டண மதிப்பீடு வந்தது. வேண்டாம், மீதி மாதங்களின் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஒப்பந்தத்தில் இடமில்லை என்றார்கள். எடுத்துப் படித்தேன். 'மென்பொருள் தொடர்ந்து இயங்குவதை உறுதி செய்தல்' என்றுதான் போட்டிருக்கிறது. இயங்கிக்கொண்டுதான் இருந்தது, வாரத்துக்கு 14 முறை செத்துச் செத்து.