பெட்டியில் 1000 வாட்ஸ், பின்பக்க ஸ்டிக்கரில் 60

முதல்முறையாக ஹோம் தியேட்டர் வாங்கக் கிளம்புகிறவர்கள், காசு கொடுக்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். நான் பார்க்கவில்லை.

கடையில் கேட்டபோது அசந்துதான் போனேன். விற்பனையாளர் தன் பென் டிரைவிலிருந்து ஒரு பாட்டைப் போட்டு, பேஸை முழுக்கத் திருகினார். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. "5.1 சார், 1000 வாட்ஸ்" என்றார். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், ஆறுக்கும் தனித்தனி ஒலி. வாங்கிவிட்டேன்.

வீட்டில் படம் போட்டேன். ஹெலிகாப்டர் முன்னாலிருந்து பின்னால் கடந்து போகிற காட்சி. சத்தம் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. சந்தேகப்பட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் அதனதன் பேரைச் சொல்லிப் பார்க்கிற ஒரு சேனல் டெஸ்ட் ஓட்டினேன். "பின் இடது" என்ற குரல் முன்னாலும் பின்னாலும் சேர்ந்தே வந்தது.

அப்புறம்தான் ஒயரைக் கவனித்தேன். டிவியிலிருந்து போவது சிவப்பு, வெள்ளை என்று இரண்டே பிளக். ஆறு சேனலையும் கொண்டுவரக்கூடிய ஹெச்டிஎம்ஐ இல்லை, ஆப்டிகல் இல்லை, வந்ததைத் தனித்தனியாகப் பிரிக்கிற டால்பி டிகோடரும் இல்லை. உள்ளே போவதே ஸ்டீரியோ! அந்த இரண்டு சேனலை ஆறு ஸ்பீக்கருக்குப் பங்குபோட்டுவிட்டு 5.1 என்று அச்சடித்திருக்கிறார்கள்.

பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்டிக்கர்: மின் நுகர்வு 60 வாட்ஸ். 60 இழுக்கிற பெட்டி 1000 எங்கிருந்து கொடுக்கும்? அந்த 1000க்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'பிஎம்பிஓ' என்று இருந்தது. கண்ணிமைக்கும் நேரத்து உச்சமாம். அதை அளக்கப் பொதுவான முறையே கிடையாது, வாய்க்கு வந்த எண். கேட்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்ஸ். அதிலும் எத்தனை சேனல் சேர்ந்து ஓடும்போது, எத்தனை ஓம்ஸ் (மின்தடை) ஸ்பீக்கரில் என்று கேளுங்கள். ஒரே சேனலை ஓட்டி அளந்து போடுகிற கணக்கும் உண்டு. வாட்ஸ் இரட்டிப்பானாலும் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும், அதற்காக மயங்க வேண்டாம்.

'சுத்தச் செம்பு' என்று தனியாகக் காசு வாங்கிக்கொண்டு ஸ்பீக்கர் ஒயர் வேறு கொடுத்திருந்தார். நுனியைப் பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் உரிந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது அப்போதுதான். பெட்டி விஷயம் அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், இது?

திரும்ப எடுத்துப் போனேன். "சீல் உடைச்சாச்சு சார். படத்தோட ரெக்கார்டிங்தான் சரியில்ல." ரசீதை நீட்டினேன். அதில் 5.1ம் இல்லை, வாட்ஸும் இல்லை. 'ஸ்பீக்கர் செட் - 1', அவ்வளவுதான். மாடல் எண்ணோடு எழுதி வாங்காதது என் தப்பு.

புரொஜெக்டரிலும் இதே வித்தைதான். '4கே சப்போர்ட்' என்றால் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அர்த்தம். திரையில் காட்டுவது 1280×720 ஆக இருக்கலாம். நேட்டிவ், அதாவது அது நிஜமாகக் காட்டும் புள்ளிகள், எவ்வளவு என்று கேளுங்கள்.

பின்னாலிருந்த இரண்டு ஸ்பீக்கரையும் போன வாரம் கழற்றி வைத்துவிட்டேன். வீட்டில் இன்னும் யாரும் கவனிக்கவில்லை.