டிரெய்லருக்கு எந்த டயர்? சுமையையும் சூட்டையும் வைத்து ஓர் அலசல்

சிறிய சரக்கு டிரெய்லர் வைத்திருப்பவர்களில் பலர், டயர் மாற்ற வேண்டிய நாள் வரும்போது, கடையில் கையிருப்பில் உள்ளதையோ காரிலிருந்து கழற்றி வைத்த பழைய டயரையோ மாட்டிவிடுகிறார்கள். ரிம்முக்குப் பொருந்துகிறது, காற்று நிற்கிறது, வண்டி உருள்கிறது. இதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பே. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு நாள் முழுச் சுமையுடன் போய்க்கொண்டிருக்கையில் வலப்பக்க டயரின் மேற்பட்டை உரிந்து மட்கார்டைக் கிழித்தெறியும் வரை. ஓரமாக நிறுத்திக் கீழே குனிந்து பார்த்தபோது, அந்த டயரில் பட்டன் பாதிகூடத் தேய்ந்திருக்கவில்லை. தேய்மானத்தைப் பார்த்து டயரை மதிப்பிடும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன். டிரெய்லர் டயர் தேய்ந்து வீணாவதைவிடச் சூட்டிலும் வயதிலும் வீணாவதே அதிகம்.

டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு முன்னால் உள்ள எழுத்துகளிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க முறைப்படி குறியிடப்பட்ட டயர்களில் ‘பி’ (P) என்றால் பயணிகள் கார், ‘எல்.டி.’ (LT) என்றால் இலகுரக லாரி, ‘எஸ்.டி.’ (ST) என்றால் டிரெய்லருக்கென்றே செய்யப்பட்டது. மூன்றும் ஒரே ரிம்மில் உட்காரக்கூடும் என்பதால்தான் குழப்பம் வருகிறது. 205/75 ஆர் 15 என்ற ஒரே அளவை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் கார் டயர் 35 பி.எஸ்.ஐ. காற்றில் 730 கிலோ தாங்கும். ஆனால் கார் டயரை டிரெய்லரில் பயன்படுத்தும்போது அதன் தாங்குதிறனை 1.1 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி. ஆக, மிஞ்சுவது 663 கிலோதான். எஸ்.டி. டயரின் சுமை வரம்பை ஓர் ஆங்கில எழுத்து குறிக்கிறது; அதே அளவில் ‘சி’ (C) சுமை வரம்புள்ள எஸ்.டி. டயர் 50 பி.எஸ்.ஐ. காற்றில் 825 கிலோவும், ‘டி’ (D) சுமை வரம்புள்ளது 65 பி.எஸ்.ஐ. காற்றில் 975 கிலோவும் தாங்கும்.

இந்த எண்களை ஒரு வண்டியில் பொருத்திப் பார்த்தால்தான் பொருள் விளங்கும். சரக்கோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள, ஒரே ஆக்சில் கொண்ட டிரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு எடை கொக்கியின் மேல் இறங்கினால், மிச்சமுள்ள 1,350 கிலோவை இரண்டு டயர்கள் சுமக்கின்றன. ஒன்றுக்கு 675 கிலோ. கார் டயர் இங்கேயே தோற்றுவிடுகிறது. ‘சி’ வகை எஸ்.டி. டயருக்கு 150 கிலோ இருப்பு இருக்கிறது. ‘டி’ வகைக்கு 300 கிலோ. சரக்கை எவ்வளவு கவனமாக அடுக்கினாலும் இடதும் வலதும் சமமாக அமைவது அரிது என்பதால், இந்த இருப்பை ஆடம்பரமாக நான் கருதுவதில்லை. டயரின் திறனில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் ஏற்றாமல் இருப்பது என் வழக்கம். அந்தக் கணக்கில் இந்த வண்டிக்குச் ‘சி’ வகை மயிரிழையில் தவறிவிடுகிறது, ‘டி’ வகை தாராளமாகத் தேறுகிறது.

கார் டயரிடம் உள்ள குறை எடையோடு முடிவதில்லை. குழியில் இறங்கும் அதிர்வு பயணிகளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கார் டயரின் பக்கச்சுவர் மென்மையாக வளையும்படி அமைக்கப்படுகிறது. அந்த நெகிழ்வே டிரெய்லரில் தீங்காகிவிடுகிறது: பக்கக்காற்றடித்தாலோ, பெரிய வண்டி ஒன்று முந்திச் சென்றாலோ, சுமை ஒரு பக்கம் சாய, பக்கச்சுவர் அதோடு வளைந்துகொடுக்க, வால் ஆடத் தொடங்குகிறது. இரட்டை ஆக்சில் டிரெய்லரை ஒடித்துத் திருப்பும்போது அருகில் நின்று பாருங்கள். சக்கரங்கள் திரும்புவதற்குப் பதிலாகத் தரையில் பக்கவாட்டில் இழுபடும், பக்கச்சுவர் ரிம்மை விட்டுப் பிதுங்கி நிற்கும். இந்த இழுப்பைத் தாங்கத்தான் எஸ்.டி. டயரின் பக்கச்சுவர் விறைப்பாகச் செய்யப்படுகிறது. புல்வெட்டும் இயந்திரத்தையோ தோட்டக் கழிவையோ ஏற்றிக்கொண்டு பக்கத்தில் போய்வரும் மிக இலேசான வண்டிக்கு, 1.1 ஆல் வகுத்தபின் மிஞ்சும் திறன் போதுமானால், கார் டயரை ஒப்புக்கொள்ளலாம்.

எல்.டி. டயர் வேறு கதை. உறுதியான கட்டமைப்பும், வேகத்தைத் தாங்கும் தன்மையும் கொண்ட அதைக் கனமான டிரெய்லர்களில் விரும்பிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் 235/85 ஆர் 16 அளவில், ‘இ’ சுமை வரம்பில், இரண்டுக்கும் 80 பி.எஸ்.ஐ. காற்றுதான் என்றாலும், எல்.டி. டயர் 1,380 கிலோவும் எஸ்.டி. டயர் 1,650 கிலோவும் தாங்குவதாகக் குறிக்கப்படுகின்றன. இந்தக் கூடுதல் 270 கிலோ இனாமாக வந்ததில்லை. வேகத்தை விட்டுக்கொடுத்துப் பெற்றது. வேகக் குறியீடு எதுவும் பொறிக்கப்படாத எஸ்.டி. டயர் மணிக்கு 65 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 105 கிலோமீட்டருக்கு மட்டுமே உரியது. இப்போது வரும் பல டயர்களில் ‘எல்’ (120 கிலோமீட்டர்), ‘எம்’ (130 கிலோமீட்டர்) போன்ற குறியீடுகள் இருக்கின்றன. வாங்குமுன் அந்த ஓர் எழுத்தைத் தேடிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் வேகமாக, நெடுநேரம் இழுப்பவர், எல்.டி. டயரின் குறைந்த எண்ணே தம் சுமைக்குப் போதுமானால், அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

எஸ்.டி. என்று முடிவான பிறகு ரேடியலா பயாஸா என்ற கேள்வி வருகிறது. அளவின் நடுவில் ‘ஆர்’ இருந்தால் ரேடியல், ‘டி’ (D) இருந்தால் பயாஸ்; சுமை வரம்பைக் குறிக்கும் ‘டி’ வேறு. பயாஸ் டயரில் நூலடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பின்னிக் கிடக்கும், பக்கச்சுவர் தடிப்பாக இருக்கும், கல்லும் கட்டையும் உரசும் இடத்தில் எளிதில் கிழியாது, விலையும் குறைவு. ஆனால் டயர் உருளும்போது அந்த அடுக்குகள் ஒன்றோடொன்று உரசிச் சூட்டை உண்டாக்குகின்றன. ரேடியலில் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓட, மேலே எஃகுப் பட்டைகள் சுற்றியிருப்பதால், பக்கச்சுவரும் மேற்பட்டையும் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்கின்றன. சூடு குறைவு, தேய்மானம் குறைவு. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற பயாஸ் டயர் அடியில் தட்டையாகி, புறப்பட்டதும் சிறிது தூரம் தடதடக்கும். ரேடியலில் இது அவ்வளவாக இல்லை. பண்ணைக்குள்ளும் கட்டுமான இடத்திலும் மெதுவாக ஓடும் வண்டிக்குப் பயாஸ் போதும். சாலையில் மணிக்கணக்கில் ஓடும் வண்டிக்கு ரேடியலைத் தவிர வேறொன்றைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் பயாஸ் என்று மட்டும் கலக்கவே கூடாது.

பலர் பணத்தைச் செலவழித்தும் பயனடையாத இடம் ஒன்று உண்டு. ‘சி’ வகையைக் கழற்றிவிட்டு ‘டி’ வகையை மாட்டிக்கொண்டு, காற்றை மட்டும் பழையபடி 50 பி.எஸ்.ஐ. அளவிலேயே வைத்திருப்பார்கள். அந்தக் காற்றில் ‘டி’ வகையும் தாங்குவது அதே 825 கிலோதான். சுமையைத் தாங்குவது காற்று. கூடுதல் வலுவுள்ள உடல் கூடுதல் காற்றை அடைத்துவைக்க மட்டுமே உதவுகிறது. ஆகவே 65 பி.எஸ்.ஐ. வரை நிரப்ப வேண்டும்; அதற்குமுன் ரிம்மும் வால்வும் அந்த அழுத்தத்துக்கு உரியவைதாமா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். வாங்கும்போது தயாரிப்பு வாரத்தையும் பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்தாறு ஆண்டு ஆன டிரெய்லர் டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றத்தக்கதே. ரப்பரோடு கலந்திருக்கும் பாதுகாப்பு மெழுகு, டயர் ஓடி வளையும்போதுதான் மேற்பரப்புக்கு வருகிறது. வெயிலில் அசையாமல் நிற்கும் டயரில், ஆகவே, மயிரிழை வெடிப்புகள் சீக்கிரமே தோன்றிவிடுகின்றன.

நுரை நிரப்பிய டயரும் கெட்டி ரப்பர் டயரும் பஞ்சர் ஆகா என்பது உண்மை. அவை வேலைக்களத்தின் குறைந்த வேகத்துக்கு மட்டுமே உரியவை.

எதைப் போட்டாலும் ஸ்டெப்னி அதே வகையில், அதே சுமை வரம்பில் இருக்கட்டும். புது டயர் மாட்டியபின் முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி, சக்கர நட்டுகளை மீண்டும் முறுக்கிவிட்டு, ஒவ்வொரு டயரின் பக்கச்சுவர்மேலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே வெதுவெதுப்பில் இருக்க, ஒன்று மட்டும் கையைச் சுட்டால், அதில் காற்றுக் குறைவாகவோ, அந்தப் பக்கம் சுமை அதிகமாகவோ, பிரேக் பிடித்தபடியோ இருக்கக்கூடும். காரணம் தெரியும்வரை அங்கிருந்து புறப்பட வேண்டாம்.